அனுப்பி வைத்தலும் ஒப்படைத்தலும்

பெற்ற மகன் தவறான வழியில் செல்கின்றான் என்று அறிந்த தகப்பன் என்ன செய்ய வேண்டும்? தம் கண்ணெதிரிலேயே அவனை வைத்துக்கொண்டு நாள்தோறும் போராடுவதா? அல்லது முன்னோர் வாழ்ந்த மண்ணுக்கு அவனை அனுப்பிவிட்டு, அந்த மண்ணும் அதன் மக்களும் அவனைத் திருத்தித் தருவார்கள் என்று காத்திருப்பதா? புலம் பெயர்ந்து வாழும் முஸ்லிம் பெற்றோர் பலரின் உறக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கும் வினா இது. தமிழகத்து முஸ்லிம்களாகிய நமக்கும் இஃது அயல் வீட்டுச் செய்தியன்று.

சோமாலியர்களிடையே இதற்கென்று தனியாக ஒரு சொல்லே வழங்குகின்றது. 'டகன் எலிஸ்' என்பர். 'டகன்' என்றால் பண்பாடு. 'எலிஸ்' என்றால் திருப்பிக் கொணர்தல். (இலத்தீன் எழுத்தில் எழுதும்போது இரண்டாம் சொல்லின் முதலில் அவர்கள் 'ஸி' என்னும் எழுத்தை இடுகின்றனர். அஃது உண்மையில் அரபியின் 'ஐன்'. இதை அறியாதவர் அச்சொல்லை 'ஸெலிஸ்' என்று படித்துவிடுவர்.) 1991ஆம் ஆண்டில் ஸியாத் பர்ரேயின் ஆட்சி வீழ்ந்து, உள்நாட்டுப் போரில் அந்நாடு சிதைந்தபோது, இலட்சக்கணக்கான சோமாலியர் கென்யாவுக்கும் பிரிட்டனுக்கும் ஸ்காண்டிநேவிய நாடுகளுக்கும் கனடாவுக்கும் அமெரிக்காவின் மின்னியாபொலிஸ் நகருக்கும் போய்ச் சேர்ந்தனர். அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளில் சிலர் போதையிலும் கத்தி ஏந்தும் கும்பல்களிலும் சிக்கினர். கலங்கிய பெற்றோர், "பாட்டியைப் பார்க்கப் போவோம்" என்று சொல்லிப் பிள்ளையை விமானம் ஏற்றி, நைரோபியின் ஈஸ்ட்லீ பகுதியிலோ ஹர்கெய்ஸாவிலோ மொகதிஷுவிலோ உறவினர் வீட்டிலோ 'திருத்த இல்லம்' ஒன்றிலோ விட்டுவிட்டு, கடவுச்சீட்டைத் தம்மோடு எடுத்துக்கொண்டு திரும்புவது ஒரு வழக்கமாகிவிட்டது. உறவினர் வீட்டில் தாய்மொழி கற்று, தொழுகையில் நிலைத்து, நன்றியோடு திரும்பிய பிள்ளைகளும் உண்டு. பூட்டிய அறையையும் தடியையும் சங்கிலியையும் கண்டு திரும்பிய பிள்ளைகளும் உண்டு. இத்தகைய பயணங்கள் பிள்ளையின் நலனுக்கு ஊறு செய்யும்போது அவற்றைத் தண்டனைக்குரிய குற்றமாக்கி, 2019ஆம் ஆண்டில் டென்மார்க் நாடு சட்டமே இயற்றியது.

சோமாலியர்கள் ஷாஃபிஈ மத்ஹபைச் சேர்ந்தவர்கள்; நம் கடற்கரை ஊர் முஸ்லிம்களைப் போலவே வணிகத்தாலும் கடற்பயணத்தாலும் வளர்ந்தவர்கள். அவர்களுடைய நிலையில் நம்முடைய சாயலைக் காண்பது கடினமன்று.

சபர் நமக்குப் புதியதா? ரங்கூனும் பினாங்கும் கொழும்பும் சிங்கப்பூரும் நம் பாட்டன்மார்களின் வாழ்வில் பக்கத்து ஊர்களாக இருந்தன. 'சபராளி' என்ற சொல் அரபியிலிருந்து பிறந்து நம் தமிழில் வேரூன்றிவிட்டது. ஆனால் அந்நாளில் பெரும்பாலும் தகப்பன் போனார். தாயும் மக்களும் ஊரிலிருந்தனர். ஊர் என்றால் பிள்ளைக்கு அது சொந்த ஊர். அங்கே அவனைக் கண்டிக்கப் பெரியப்பா இருந்தார். ஒளித்து வைத்துச் சோறு போடப் பாட்டி இருந்தார். இன்று நிலைமை வேறு. ஜித்தாவிலும் ரியாதிலும் துபாயிலும் குடும்பத்தோடு வாழ்வோரின் பிள்ளைகளுக்கு ஊர் என்பது இரண்டாண்டுக்கு ஒருமுறை, விடுமுறையில் வந்து போகும் இடம். சவூதி அரேபியாவில் வெளிநாட்டார் தம்முடன் வாழும் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதந்தோறும் செலுத்த வேண்டிய கட்டணம் 2017ஆம் ஆண்டில் 100 ரியாலில் தொடங்கி, ஆண்டுக்கு 100 ரியாலாக ஏறி, 2020இல் 400 ரியாலாயிற்று. அதன் பளுவைத் தாங்க மாட்டாமல் எத்தனையோ குடும்பங்கள் பெட்டி கட்டிக்கொண்டு திரும்பின. அப்படி வந்த பிள்ளைகள் யாரும் குற்றம் செய்தவர்கள் அல்லர். எனினும் தம் தாயகம் என்று பிறர் சொல்லும் ஊரில் அவர்கள் அந்நியராய் நின்றதை நாம் கண்டோம். குற்றமற்ற பிள்ளைக்கே அந்த நிலையென்றால், குற்றவாளி என்று முத்திரை குத்தப்பட்டு வந்து இறங்கும் பிள்ளையின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும்.

எங்கள் திருவண்ணாமலையில் முஸ்லிம்கள் சிறு தொகையினர்தாம். உருது பேசுவோரும் தமிழ் பேசுவோரும் கலந்து வாழ்கின்றோம். இங்குள்ள மதரஸாவில் ஓதிக் கொடுக்கும் எனக்கு ஆண்டுதோறும் ஓர் அனுபவம் தவறாமல் நேர்கின்றது. ஷவ்வால் மாதம் பிறந்து புதிய மாணவர்களைச் சேர்க்கும் காலம் வந்ததும், சில தகப்பன்மார்கள் பிள்ளையைக் கொண்டுவருவார்கள். குர்ஆனை மனனம் செய்யவோ ஆலிமாகவோ அன்று, திருத்துவதற்காக! "ஹஜ்ரத், கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரியுங்கள், நான் ஏனென்று கேட்கமாட்டேன்" என்பார்கள்.

'நான் ஏனென்று கேட்கமாட்டேன்' என்ற பகுதியைத்தான் நான் பலநாள் எண்ணிப் பார்த்திருக்கின்றேன். ஆசிரியர்மீது கொண்ட மதிப்பு என்றே அதை எல்லோரும் எடுத்துக்கொள்கின்றனர். ஆனால் அமானத்தை ஒப்படைக்கும் எவரும் இப்படிப் பேசுவதில்லை. பத்துப் பவுன் நகையை ஒருவரிடம் கொடுத்து வைப்பவர், "திரும்ப வரும்போது எப்படியிருந்தாலும் கேட்கமாட்டேன்" என்பாரா? எழுதி வாங்குவார், இடையில் இருமுறை வந்து பார்ப்பார். கேட்கமாட்டேன் என்று சொல்லும் அந்தக் கணத்தில் தகப்பன் பிள்ளையை ஒப்படைக்கவில்லை, கைவிடுகின்றார் என்பதே என் முடிவு.

சில ஆண்டுகளுக்கு முன் ஜித்தாவில் வளர்ந்த ஒரு பதினைந்து வயதுப் பையனை அவ்வாறு கொண்டுவந்து சேர்த்தார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து இருமுறை நீக்கப்பட்டவன், தீய நட்பு, இரவில் வீடு தங்காமை. நாங்கள் நஹ்வும் ஸர்ஃபும் ஓதி ஆண்டுக்கணக்கில் அறிந்த அரபியை அவன் தெருவில் விளையாடி அறிந்திருந்தான். இஃராப் இல்லாத சந்தை அரபிதான். ஆயினும் தண்ணீர்போல் ஓடும். தமிழ் பேசுவான், பேருந்தின் பெயர்ப் பலகையைப் படிக்க மட்டும் தெரியாது. மற்ற மாணவர்கள் 'அரபி' என்று அவனுக்குப் பெயரிட்டனர். அவனிடம் சொல்லப்பட்டிருந்தது, சிற்றன்னைக்குத் திருமணம் என்பது. முதல் வாரம் முழுவதும், திருமணம் எந்தத் தேதியில் என்று கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டான். ஒரு மாத காலம் யாருடனும் பேசாமல், சொன்ன பாடத்தைச் சொன்னபடி ஓதினான். 'பையன் அடங்கிவிட்டான், அல்ஹம்து லில்லாஹ்' என்று தகப்பனாருக்கு உறவினர் செய்தி அனுப்பினர். அவன் அடங்கவில்லை, நம்புவதை நிறுத்தியிருந்தான். இவ்விரண்டையும் வேறு பிரித்தறிய, பிள்ளைகளோடு சில காலமாவது பழகியிருக்க வேண்டும்.

இதனால் பெற்றோரைக் கல்நெஞ்சர் என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. அவர்கள் தரப்பில் உள்ள நியாயம் பெரியது. இலண்டனில் வாழ்ந்த ஒரு பெற்றோரின் வழக்கை இங்கே சொல்ல வேண்டும். கானா நாட்டைப் பூர்வீகமாகக் கொண்ட அவர்கள், தங்கள் மகன் கும்பல்களின் வலையில் விழுகின்றான் என்று அஞ்சினர். நோயுற்ற உறவினரைப் பார்க்கப் போவதாகச் சொல்லி அவனைக் கானாவுக்கு அழைத்துச் சென்று, அங்கே ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்தனர். அப்பையன் தானே வழக்கறிஞரை நாடி, தன் பெற்றோர்மீது வழக்குத் தொடுத்தான். 2025 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம், அம்முடிவு பெற்றோரின் உரிமைக்கு உட்பட்டதே என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளி, வழக்கை மீண்டும் விசாரிக்கக் கட்டளையிட்டது. ஒரே வழக்கில் நீதிபதிகளே இவ்வாறு மாறுபட்டனர் என்றால், அப்பெற்றோரை எளிதாகப் பழிக்க நாம் யார்? கத்திக்குத்தில் மாண்ட பிள்ளைகளின் ஜனாஸாவைத் தம் தெருவில் கண்ட தாய், என்னை வெறுத்தாலும் என் மகன் உயிரோடிருக்கட்டும் என்று எண்ணுவதில் வியப்பேது? அந்தத் தாயின் அச்சத்தை மதியாமல் இப்பொருளைப் பேசுவோர், பிள்ளை வளர்த்தறியாதவர்.

ஆகையால் அனுப்புவதே பாவம் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் ஸீராவே நம்மை மறுக்கும். நாயகம் (ஸல்) அவர்கள் குழந்தைப் பருவத்தில் மக்காவை விட்டு, பனூ ஸஃத் குலத்தாரின் பாலைவெளியில் ஹலீமா (ரலி) அவர்களிடம் வளரவில்லையா? நல்ல காற்றுக்கும் தூய அரபிக்கும் பிள்ளையைத் தொலைவுக்கு அனுப்புவது குறைஷியரின் வழக்கம். ஆனால் அங்கே ஒரு மடி இருந்தது. ஹலீமா பிள்ளையை இடையில் தாயிடம் கொண்டுவந்து காட்டினார். மீண்டும் கேட்டு அழைத்துச் சென்றார். பின்னர் தாயிடமே சேர்த்தார். அந்த உறவு எவ்வளவு ஆழமானது என்றால், பல்லாண்டுகளுக்குப் பின் ஹுனைன் போரில் சிறைப்பட்டோருள் ஒருவராகப் பால்குடிச் சகோதரி ஷைமா வந்து நின்றபோது, நாயகம் (ஸல்) அவர்கள் தம் மேலாடையை விரித்து அவரை அமரச் செய்தார்கள். ஒப்படைத்தல் என்பது இதுதான்: ஒரு மனிதரின் கையிலிருந்து இன்னொரு மனிதரின் கைக்கு.

ஒரு மனிதரின் கையிலிருந்து ஒரு சுவருக்குள் அனுப்பினால் அதன் பெயர் வேறு. நம் ஃபுகஹாக்கள் அதைத் 'தஃக்ரீப்' என்பர், 'நஃபீ' என்பர், நாடு கடத்தல்! அது தண்டனை, காஜி விதிக்க வேண்டியது, குற்றம் மெய்ப்பிக்கப்பட்ட பின் விதிக்க வேண்டியது. மணமாகாதவர் செய்த விபசாரத்துக்குக் கசையடியோடு ஊர் கடத்தலையும் ஷாஃபிஈ மத்ஹப் விதிக்கின்றது. கஸ்ர் தொழும் தூரமாவது அனுப்ப வேண்டும் என்றும், ஓராண்டு என்றும் அளவிட்டுச் சொல்கின்றது. காஜியின் தண்டனைக்கு ஓராண்டு எல்லை. நம் தகப்பன்மார்கள் விதிக்கும் தண்டனைக்கோ எல்லையே இல்லை. 'திருந்தும்வரை' என்கின்றார்கள். திருந்திவிட்டான் என்று யார் சான்று கூறுவது? எந்த நாளில்?

ஹனஃபீ மத்ஹபினர் இந்த ஊர் கடத்தலை நிலையான தண்டனையாகக் கொள்ளாததற்கு எடுத்துக்காட்டும் ஆதாரங்களுள் ஒன்று மிகவும் சிந்திக்கத் தக்கது. ஹலரத் உமர் (ரலி) அவர்கள், மது அருந்திய குற்றத்துக்காக ரபீஆ இப்னு உமய்யா என்பவரைக் கைபருக்கு நாடு கடத்தினார்கள். அவர் அங்கிருந்து ரோமப் பேரரசர் ஹிரக்ல்-இடம் போய்ச் சேர்ந்து, கிறிஸ்தவரும் ஆகிவிட்டார். செய்தியறிந்த உமர் (ரலி) அவர்கள், இனிமேல் எந்த முஸ்லிமையும் நாடு கடத்துவதில்லை என்று கூறிவிட்டார்கள். இமாம் நஸாயீ இதைப் பதிவு செய்துள்ளார்கள். கலீபாவுக்கு இருந்த அதிகாரமும் கண்காணிப்பும் நமக்கு உண்டா? அவர்களே கைவிட்ட வழியை நாம் நம் பிள்ளைகள்மீது இவ்வளவு துணிவாகப் பயன்படுத்துகின்றோம்.

அதே உமர் (ரலி) அவர்கள் நஸ்ர் இப்னு ஹஜ்ஜாஜ் என்ற இளைஞரை மதீனாவிலிருந்து பஸராவுக்கு அனுப்பிய வரலாறும் கிதாபுகளில் உண்டு. அவருடைய அழகில் பெண்கள் மயங்குகின்றனர் என்பதே காரணம். என் குற்றம் என்ன என்று அவர் கேட்டபோது, உன்மீது குற்றமில்லை என்று நேருக்கு நேராகக் கலீபா சொன்னார்கள். அனுப்பியது சரியா என்று ஆலிம்கள் விவாதிக்கலாம். ஆனால் அங்கே பொய் இல்லை.

நம் வீடுகளில் நடப்பது என்ன? திருத்தத்தின் முதல் அடியே பொய்யாக இருக்கின்றது. பாட்டிக்கு நோய், மாமாவுக்குத் திருமணம், இரண்டு வார விடுமுறை! சிறு பிள்ளையை, "வா, ஒன்று தருகின்றேன்" என்று அழைத்த ஒரு தாயிடம் நாயகம் (ஸல்) அவர்கள், என்ன கொடுக்க எண்ணினாய் என்று வினவினார்கள். பேரீச்சம்பழம் என்று அவர் விடையளித்தார். ஒன்றும் கொடாதிருந்தால் அஃது உன்மீது ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்று எச்சரித்தார்கள். ஒரு பேரீச்சம்பழத்துக்கே அப்படி! ஒரு விமானப் பயணத்தின் கணக்கு எப்படி எழுதப்படும்? இறைவனின் கட்டளையையே சுமந்து நின்ற இப்ராஹீம் (அலை) அவர்கள்கூட, தாம் கண்ட கனவை மகனிடம் மறைக்கவில்லை. எடுத்துச் சொல்லி, உன் கருத்து என்ன என்று கேட்டார்கள். மறைத்து அழைத்துச் சென்றவர்கள் யார் என்றால், யூஸுஃப் (அலை) அவர்களின் சகோதரர்கள். விளையாடப் போகின்றோம் என்றுதான் அவர்களும் சொன்னார்கள்.

சொன்னால் பிள்ளை வரமாட்டானே என்பர். உண்மைதான். சிலர் வரமாட்டார்கள். நூஹ் (அலை) அவர்களின் மகனும் வரவில்லை. ஆயினும் அந்தத் தகப்பன் கடைசி அலை எழும்வரை, எங்களோடு ஏறிக்கொள் என்று அழைத்தாரேயன்றி, எங்கேனும் போ என்று சொல்லவில்லை.

சுவருக்குள் அனுப்பினால் என்னாகும் என்பதற்கு நாம் சோமாலியாவுக்குப் போக வேண்டியதில்லை. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் அதிகாலையில் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் என்ன நடந்தது? தர்காவின் பரக்கத்தை நாடி வந்த மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு தனியார் இல்லத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 உயிர்கள் கருகின. அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் பகைவர்கள் அல்லர், பெற்றோரும் உடன்பிறந்தோருமே. மாதந்தோறும் பணம் அனுப்பிக்கொண்டுமிருந்தனர். உச்ச நீதிமன்றம் தானாகவே அதைக் கையிலெடுத்தது. அத்தகைய இல்லங்கள் மூடப்பட்டன. மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடலாகாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடுத்துவிட்டது. இதே போன்று 2019 செப்டம்பரில் நைஜீரியாவின் கடூனா நகரில் குர்ஆன் பள்ளி என்று பெயர் சூட்டப்பட்ட ஓரிடத்திலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்ட ஆண்களையும் சிறுவர்களையும் காவல்துறையினர் மீட்டனர். பலர் சங்கிலியில் கிடந்தனர். அவர்களையும் கொண்டுவந்து சேர்த்தவர்களுள் பெற்றோர் இருந்தனர். குர்ஆனின் பெயரால் சங்கிலி! அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் இனி முஸ்ஹஃபை அன்போடு திறப்பார்கள்? ரபீஆவின் கதை கைபரோடு முடியவில்லை.

நான் வாழும் ஊர் கோயில் நகரம். பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் மலைப் பாதையை இலட்சக்கணக்கானோர் சுற்றி வருகின்றனர். வீட்டை விட்டு வந்தவர்களையும், வீட்டாரால் கொண்டுவந்து விடப்பட்டவர்களையும் அப்பாதையோரத்தில் அருகருகே காணலாம். தோற்றத்தில் வேறுபாடு தெரியாது. இரண்டு சொற்கள் பேசினால் தெரிந்துவிடும். இவ்வூரின் பெயரை உலகறியச் செய்த இரமணர் 1896ஆம் ஆண்டில், பதினாறு வயதில், படிப்பில் நாட்டமில்லாமல் அண்ணனின் கண்டிப்புக்கு ஆளாகி, மதுரையிலிருந்து தாமாகவே இங்கு வந்தவர். 1898இல் தாயார் தேடி வந்து அழைத்தார், மகன் போகவில்லை. 1916இல் அந்தத் தாயாரே வந்து மகனோடு தங்கிவிட்டார். நம் மார்க்கத்துக்கும் அத்துறவுக்கும் உள்ள வேறுபாடு தெளிவானது. எனினும் மகனைத் தம்மிடம் திருப்ப முடியாத ஒரு தாய், தாமே மகனிடம் திரும்பியதை இவ்வூரில் வாழ்பவன் கவனிக்காமலிருக்க இயலாது.

ஜித்தாவிலிருந்து வந்த பையனுக்கு மருந்தானது மதரஸா அன்று. செங்கம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் பேருந்தேறி வந்த அவனுடைய தாய்வழிப் பாட்டியார்தாம். ஆறிப்போன பிரியாணிப் பொட்டலத்தோடு வருவார். திருமணமென்று பொய் சொன்னது தவறு என்று அவனிடம் சொல்லிய முதல் ஆள் அவரே. அவனுடைய தீய நட்பைப் பற்றி நாங்கள் எவரும் அறியாததை அவரிடம் அவன் சொல்லியிருந்தான். ஓராண்டுக்குப் பின் அவர் வீட்டுக்கே அவனை அனுப்பிவிட்டோம். இன்னும் அவன் தகப்பனாரோடு தொலைபேசியில் முகம் கொடுத்துப் பேசுவதில்லை; தாயாரோடு பேசுகின்றான்.

மாத்திரைக்கோ கஞ்சாவுக்கோ அடிமையான பிள்ளையையும் சிலர் எங்களிடம் கொண்டுவருகின்றனர். அது நோய். அதற்கு மருத்துவர் இருக்கின்றார். அரசு மருத்துவமனை இருக்கின்றது. 14416 என்ற எண்ணில் அழைத்தால் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கின்றது. சர்க்கரை நோய்க்கு ஓதிக் கொடுக்கச் சொல்லும் தகப்பன்கூட ஊசியை நிறுத்துவதில்லை. இதற்கு மட்டும் மதரஸாவின் சுவர் போதுமென்று எப்படி எண்ணுகின்றனரோ!

பெண் மக்களை இவ்வாறு கொண்டுவந்து, ஒரு மாதத்துக்குள் யாருக்கேனும் மணமுடித்துவிட்டுப் போவதும் நடக்கின்றது. பருவமடைந்த பெண்ணின் சம்மதம் குறித்து நம் சட்டம் என்ன சொல்கின்றது என்பது தனியே எழுத வேண்டிய பொருள்.

எங்கள் மதரஸாவில் இப்போது சேர்க்கைக்கு முன் ஒரு முறையை வைத்துள்ளோம். தகப்பனாரை வெளியே அமர்த்திவிட்டு, பையனிடம் தனியாக, நீ எதற்காக இங்கே வந்திருக்கின்றாய் என்று கேட்கின்றோம். அவன் சொல்வதும் தகப்பனார் சொல்வதும் ஒத்துவராவிட்டால் இருவரையும் ஒருங்கே அமர்த்தி, தகப்பனார் வாயாலேயே உண்மையைச் சொல்லச் செய்கின்றோம். வாரம் ஒருமுறை பேச வேண்டும். ஊரில் அவனுக்கென்று வந்து போகும் உறவினர் ஒருவர் வேண்டும். எப்போது திரும்ப அழைத்துக்கொள்வது என்று நாள் குறிக்க வேண்டும். இந்த நிபந்தனைகளைக் கேட்டு, சென்ற ஷவ்வாலில் இருவர் கோபித்துக்கொண்டு பிள்ளையை வேறு ஊருக்கு அழைத்துச் சென்றுவிட்டனர். மூன்றாமவர் மட்டும் வெகுநேரம் பேசாமலிருந்துவிட்டு, மகனைக் கூட்டிக்கொண்டு தேநீர் குடித்து வருவதாகச் சொல்லி வெளியே போனார். அஸருக்குப் பின் இருவரும் வந்து, இந்த ஆண்டு வேண்டாம், வீட்டிலேயே பார்த்துக்கொள்கின்றோம் என்று சொல்லி, ஸலாம் உரைத்துச் சென்றனர்.